பதின்மூன்றாம் ஞாயிறு, முதலாம் பாடம்

பதின்மூன்றாம் ஞாயிறு என்று சொல்லிவிட்டார். எங்கள் சபைப் போதகர் ஐயர் எதையும் விழுங்கிச் சொல்லுகிறவர் இல்லை, மைக்கைச் சரிபண்ணி, நிறுத்தி, திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பதின்மூன்றாம் ஞாயிறு என்று சொன்னார், பிறகு பாட்டின் எண்ணைச் சொன்னார், எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். என் வாய் பாட்டைப் பாடுகிறது. பழகின வாய், அதற்கு நான் வேண்டாம். உள்ளே பதினாலு பதினாலு என்று அடித்துக்கொள்ளுகிறது. நான் எண்ணினது பதினாலு. போன ஞாயிறு சாப்பிட்ட கையோடு அடுக்களையில் நின்று விரல் மடக்கி எண்ணினேன். திருமண்டலப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் இன்ன தேதிக்கு இன்ன பாடம் என்று தெளிவாகப் போட்டிருக்கும். அதை என் வீட்டுக்காரர் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் யாரிடமோ விட்டுவிட்டு வந்துவிட்டார். சரி, ஜெபப்புத்தகத்தின் பின்னால் அட்டவணை இருக்கிறதே, எண்ணிப் பார்த்தால் தெரியாதா என்று எண்ணினேன். திரித்துவ ஞாயிறு ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. இப்போது தெரிகிறது. திரித்துவ ஞாயிற்றை எண்ணக் கூடாது, அதற்குப் பின்வருகிறதுதான் ஒன்று. ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று. அதனால் ஆறு நாளாக என் மகன் ஆசீர் வரிவரியாக மனப்பாடம் பண்ணினது அடுத்த ஞாயிற்றுக்கு உரிய பாடம். இன்றைக்கு வேதத்திலிருந்து முதலாம் பாடம் வாசிக்க வேண்டியவன் அவன். அவனுக்கு வாசிக்க வராது. இது எங்கள் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். இன்னும் அரைமணி நேரத்தில் நல்லாயன்விளைச் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டது. பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் நிற்கிறேன், இடது கைப்பக்கம் ரூபாவதி மைனி, வலது கைப்பக்கம் அந்த அம்மாள், கிருபாகனி என்று பெயர். தங்கள் மகள் ஷெர்லினுக்கு ஆசீரை மாப்பிள்ளை பார்க்க அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்திருக்கிறார்கள். பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறதில்லை, இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது, அப்படியே ஆராதனைக்கு வந்தோம் என்று வருவார்கள். பையன் முழங்கால் போடுகிறானா, பாடுகிறானா, வாசல் பக்கம் நின்று போனை நோண்டுகிற கூட்டமா என்று பார்த்துக்கொள்ளுவார்கள். நானும் என் மகள் எப்சிபாவுக்கு மாப்பிள்ளை பார்க்க இப்படித்தான் ஒரு கோயிலில் போய் உட்கார்ந்தேன், பிரசங்கத்தில் பையன் தூங்குகிறானா என்று பிரசங்கம் முழுக்க அவனையே பார்த்தேன், அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று இன்றைக்கும் தெரியாது. இந்த அம்மாள் நல்ல மாதிரி. காலையில் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தபோது தம்ளரைத் தானே கழுவ எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டாள். "பையன் எதுவரைக்கும் படிச்சிருக்கான்?" போன மாதம் போனிலும் இதையே கேட்டாள். அவள் மகள் பி.காம். ஒன்பதாவது, பொறவு தொழிலுக்குப் போயிட்டான் என்று இரண்டு தடவையும் சொன்னேன், இரண்டு தடவையும் ஒரு நொடி பேச்சு நின்றது. அந்த ஒரு நொடியை அடைக்கத்தான் இத்தனையும் செய்தேன். ஐயரம்மாவிடம் நானாகப் போய் நின்றேன். "வார ஞாயிறு வாலிபர் ஞாயிறுல்லா, பாடம் வாசிக்க ஆசீரப் போடச் சொல்லுங்கம்மா." அவர்கள் சிரித்தார்கள். "ஆசீரா? அவன் போட்டோ புடிக்கக் கூப்பிட்டாலே பின்வரிசைக்கு ஓடுவானே சீலியக்கா." "வருவான், நான் வரவைக்கேன்." வரவைத்துவிட்டேன். மனுஷன் கோயிலில் எழுந்து நின்று தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பாடம் வாசித்தால் அதற்குமேல் எந்த வகுப்பு என்று யார் கேட்பார்கள்? அப்படி நினைத்தேன். ஆண்டவரே, அது பெருமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

பாவ அறிக்கைக்கு முழங்கால் போடுகிறோம். செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டதும் செய்யத்தகாதவைகளைச் செய்ததும் எல்லாம் என் வாயில் வரிசையாக வருகிறது, ஒரு சொல்லும் தட்டவில்லை, புத்தகம் மூடித்தான் இருக்கிறது. இப்படித்தான் அவனும் இருந்தான். அதுதான் எனக்குப் புரியாமல் போனது. மூத்தவள் எப்சிபா நாலரை வயதில் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறதை வாசித்தாள், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊரை வாசித்தாள், கலியாணப் பத்திரிகை வந்தால் மணமகன் பெயரை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன், தானா வந்துட்டு மைனி, நடக்க வந்த மாதிரி, பேச்சு வந்த மாதிரி. பிள்ளை என்று இருந்தால் பல் முளைக்கும், பேச்சு வரும், வாசிப்பு வரும் என்று இருந்துவிட்டேன். பிறகு ஆசீர். அவனுக்கு நாக்கில் தேன். ஒரு தடவை கேட்டால் போதும், பாட்டா, மனப்பாட வசனமா, ரேடியோவில் வருகிற விளம்பரமா, அப்படியே திருப்பிச் சொல்லுவான். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி என்றால் முதல் பரிசு அவனுக்குத்தான், எவர்சில்வர் டப்பா டப்பாவாக வரும், இன்றைக்கும் கடுகும் வெந்தயமும் அவன் பரிசில்தான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி, பக்கத்தை எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே திருப்பி, முழுப் புத்தகத்தையும் வாசிப்பான். வாசிக்கிறான் என்றுதான் நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்? ஒரு நாள் கருப்பட்டி பட்டு இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒட்டிப்போன பக்கத்தில் இருக்கிற பாட்டை, ஆடு மேய்க்கிற பாட்டு, விடாமல் சொல்லிக்கொண்டே போனான், விரல் வேறு ஏதோ பக்கத்தில் காக்காய்க் கதைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். தாளைப் பிரித்துக் கொடுத்தேன். ஊரில் பத்துப் பேரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அந்தத் தாள் நினைவு வந்தால் அதைத் தாண்டி நகர முடிகிறதில்லை. கர்த்தர் என் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக் காட்டினார், நான் கருப்பட்டியை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

எழுந்து நிற்கச் சொல்லுகிறார். மேலே மின்விசிறி கடகட என்று ஆடுகிறது, கஞ்சி போட்ட சேலை முழங்காலில் மடங்கி நிற்கிறது. அந்தப் பக்கம், ஆண்கள் பக்கம், இரண்டாம் வரிசை ஓரத்தில் அவன் கழுத்து தெரிகிறது. முடி வெட்டியிருக்கிறான், காதுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்கிறது. அவனும் பதின்மூன்று என்று கேட்டிருப்பான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாது, எண்ணினவள் நான். போய் மேசையில் விரித்து வைத்திருக்கிற பெரிய வேதத்தைப் பார்ப்பான், ரிப்பன் வைத்த இடத்தில் அவன் மனதில் இருக்கிறது இருக்காது. அதைப் பார்த்தால் கண்டுபிடிப்பானா? கண்டுபிடிக்காமல் அங்கே ஒன்று இருக்க இவன் ஒன்றைச் சொல்லிக்கொண்டு நின்றால். காக்காய்க்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு ஆட்டுப் பாட்டு. ஆண்டவரே, அந்த மாதிரி வேண்டாம். இருபது வருஷம் கழித்து இருநூறு பேருக்கு முன்னால் அந்த மாதிரி வேண்டாம். வேறு எந்த மாதிரி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பில் வாத்தியாரம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்லா எழுதுதான், கரும்பலகையப் பாத்து அச்சடிச்ச மாதிரி எழுதுதான், எழுதினத வாசில என்றால் முழிக்கான், கவனம் பத்தாது என்று சொன்னார்கள். கையெழுத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், முத்து முத்தாக இருக்கும். கோலம் போடுகிற மாதிரி எழுத்தைப் போட்டிருக்கிறான், பாவம். கவனம் என்றார்கள், நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் புத்திக்குக் குறைவில்லையே, கடைக்கு அனுப்பினால் ஏழு சாமானையும் சீட்டு இல்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு நாலு எழுத்து ஏறாதா, மனது வைத்தால் வரும். வல்லாரைத் துவையல் அரைத்தேன், தினமும் காலையில் ஒரு உருண்டை. பக்கத்து ஊர் உபவாசக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகப் பையின்மேல் எண்ணெய் பூசி ஜெபிக்க வைத்தேன், கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் இறங்கி அதற்கு வேறு வாத்தியாரிடம் ஏச்சு வாங்கினான். அ-னாவிலிருந்து ன-னா வரைக்கும் நூறு தடவை எழுதச் சொன்னேன், எழுதினான். வரிசையாகக் கேட்டால் பாட்டு மாதிரிச் சொன்னான். நடுவில் ஒன்றைத் தொட்டு இது என்னல என்றால் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அதில் நிற்பான். அது கூட எனக்கு ஒரு சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. படம் போட்ட புத்தகத்தில் கன்று என்று இருந்தால் மாடு என்பான். அவசரம், பார்க்காமலேயே சொல்லுகிறான் என்பேன். பார்த்துத்தான் சொன்னான், படத்தைப் பார்த்து. நான் பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை, அது எனக்கு ஊரில் ஒரு நல்ல பெயர். ஆனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவன் பக்கத்தில் முழங்காலில் இருக்க, அவன் தலையில் கையை வைத்து, ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் சோம்பலை எடுத்துப்போடும் என்று சத்தமாக ஜெபித்தேன். ஒரு நாள் இல்லை, வருஷக்கணக்காக. அவனும் ஆமென் என்பான். அம்மா ஆண்டவரிடம் பொய் சொல்ல மாட்டாள் என்றுதானே பிள்ளை நினைக்கும். தான் ஒரு சோம்பேறி என்று அவன் நம்பினது வாத்தியார் சொல்லி இல்லை. நான் ஜெபித்து.

சங்கீதம் ஆரம்பித்தாயிற்று, ஐயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். நான் சபையோடு சொல்லுகிறேன். ரூபாவதி மைனி பக்கத்தில் குனிந்து, "வாசிக்க ஒங்க ஆசீராமே, ஐயரம்மா சொன்னாவ," என்கிறாள். "ஆமா மைனி." "ஒங்க வீட்டுல எல்லாருக்கும் குரல் நல்ல குரலு." ஐயரின் வசனம் முடிந்துவிட்டது, சபை முறை, மைனி சட்டென்று நிமிர்ந்து பாதியிலிருந்து சொல்லுகிறாள். ஆசீரைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒன்பதில் யாரோ ஒரு புது வாத்தியார் இவனை எழுப்பி நிறுத்தி ஒரு பத்தி வாசி என்றாராம். என்ன நடந்தது என்று அவன் இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. பையைக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தான், மறுநாள் போகவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தான். இப்போது சொந்தமாக இரண்டு ஆள் வைத்திருக்கிறான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் எந்தச் சுற்று எங்கே போகிறது என்று அவன் விரலுக்குத் தெரியும். போனில் எல்லாம் பேசித்தான் அனுப்புவான், யாராவது எழுதி அனுப்பினால் மெஷின் வேலையில இருக்கேன், பேசி அனுப்புங்க என்பான். ஆஸ்பத்திரிச் சீட்டு, பாங்கு பாரம், ரேஷன் கடைப் பலகை, எது வந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவருவான், நான் வாசித்துச் சொல்லுவேன், அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுவான். எட்டாம் வகுப்புப் படித்த நான் அவனுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம் கூட உண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே, பாவ அறிக்கை முடிந்துபோனாலும்.

எப்சிபா ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே. "எம்மா, பேச்சுதான் தானா வரும். வாசிப்பு தானா வராது, ஒருத்தர் சொல்லிக்குடுத்தாத்தான் வரும்." எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒனக்கு யாருட்டி சொல்லிக்குடுத்தா?" "நீதான்." "நானா?" "நீ தோச சுடும்போது பக்கத்துல இருந்து, இது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், நீ சொல்லிக்கிட்டே இருப்ப. எத்தன நாளு. அதுக்குப் பேரு என்ன?" அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். "ஆசீர் கேக்க மாட்டான், அவன் அமைதி. அவனுக்குக் காது நல்ல காது, அதான் வெனை. காதால எல்லாத்தையும் புடிச்சு வச்சுக்கிட்டான், கண்ணுக்கு வேல வரல. எழுத்துன்னா சத்தம்மா. சத்தத்தப் பிரிக்கத் தெரியணும், பொறவு சேக்கத் தெரியணும். சில பிள்ளைக்கு ரெண்டு தடவ சொன்னாப் போதும். சில பிள்ளைக்கு இருநூறு தடவ சொல்லணும். அதுக்கும் புத்திக்கும் ஒண்ணும் இல்ல, சோம்பலுக்கும் ஒண்ணும் இல்ல." சோம்பல் என்ற சொல்லை அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவளும் அந்த ஜெபத்தில் முழங்காலில் இருந்தவள்தானே. "இப்ப அவனுக்கு இருபத்தாறு," என்றேன், "இனிமேலா ஏறும், பச்ச மரம் மாதிரி வளையுத வயசா." "ஏறும். நாளாவும், அவ்வளவுதான்." பழைய கலியாணப் பத்திரிகைகளை வெட்டி எழுத்து எழுதி, வரிசையைக் கலைத்துக் கலைத்துப் போட்டாள், பாட்டாகச் சொல்ல முடியாதபடிக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்தாள், எட்டு மாதமாக வருகிறாள். மரம் என்றால் எத்தனை சத்தம், மூன்று. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரித் தொடையில் தட்டித் தட்டி எண்ணுகிற சத்தம் கீழே கேட்கும். அவன் என்னை உள்ளே விடமாட்டான். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. ஒரு நாள் மிக்சியின் அட்டைப் பெட்டியைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றான், பிறகு, "உ-ழை-க்-கு-ம்," என்றான். நான் அவசரமாக, "நீண்ட நாள் உழைக்கும்னு போட்டிருக்குய்யா," என்று முழுதையும் சொல்லி முடித்துவிட்டேன். அவன் முகம். வாய்க்குக் கொண்டுபோன சோற்றை ஒருத்தர் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

இந்தப் பாடத்துக்கும் அப்படியே செய்தேன். திங்கட்கிழமை அவன் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த எடம்னு காட்டுங்க, நானே வாசிச்சுப் பாக்கேன்மா, இன்னும் ஆறு நாளு இருக்குல்லா," என்றான். நான் வேண்டாம் என்றேன். "பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்கய்யா. எழுத்துக் கூட்டிக்கிட்டு நின்னா என்ன நெனப்பாங்க? நான் வாசிக்கேன், நீ கேட்டுக்கோ, ஒனக்கு ஒரு நிமிசம்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடி என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். நான் வாசித்தேன், அவன் கண்ணை மூடிக் கேட்டான், மூன்றாம் நாளே முழுவதும் வந்துவிட்டது. அன்றைக்கு அவன் கையிலேயே விட்டிருந்தால்? தப்பான பாடம்தான், ஆனால் ஆறு நாள் எழுத்தோடு இருந்த பழக்கமாவது இருந்திருக்கும். இப்போது எழுத்தோடும் இல்லை, மனப்பாடமும் உதவாது. இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் நாலு வசனம் இருக்கிறது சங்கீதத்தில். அவனிடம் போய்ச் சொல்லலாம். நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போக வேண்டும், ஆராதனை நடுவில் ஒரு பெண் அப்படிப் போனால் சாவுச் செய்தி என்று நினைப்பார்கள். மயக்கம் வந்த மாதிரி உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் அவன் ஓடி வருவான், பாடத்தை வேறு யாராவது வாசிப்பார்கள், இந்த அம்மாள் விசிறுவாள், வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என்ன லேசான வழி. ஐயர் ஒரு வசனம். சபை ஒரு வசனம். கலியாணத்துக்குப் பிறகு? அந்தப் பிள்ளை ஷெர்லின் ஒரு நாள் பத்திரிகையை நீட்டி இத வாசிச்சீங்களா என்று கேட்கும்போது? அங்கே போய் நான் மயங்கி விழ முடியுமா? அப்போதும் அவனுக்குக் கண்ணாக நான் நிற்க முடியுமா? இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளையையும் சேர்த்து ஏமாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று இவ்வளவு நேரம் எனக்குத் தோன்றவில்லை, காப்பித் தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போன அம்மாளின் கை பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்திருக்கிறதைப் பார்த்தபோது தோன்றியது. அவன் திரும்பிப் பார்க்கிறான். இத்தனை பேருக்கு நடுவில் நேராக என்னைத்தான். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். பாடம் வேறு என்று சொல்லத்தான் ஆட்டினேன். போகாதே என்று எடுத்துக்கொண்டானோ, என்ன எடுத்துக்கொண்டானோ. சங்கீதம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவன் எழுந்தான்.

போகிறான். செருப்பில்லாத கால், வெள்ளைச் சட்டை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறான். மேசைக்குப் பின்னால் நின்று குனிந்து பக்கத்தைப் பார்க்கிறான். முதலாம் பாடம் என்று சொல்லி, ஐயர் நாற்காலியிலிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தபடி அதிகாரம் சொல்லி, ஒன்று முதல் பன்னிரண்டு வசனங்கள் என்றான். அதுவரைக்கும் நல்ல குரல். சபை தாளைப் புரட்டுகிற சத்தம். நானும் என் புத்தகத்தில் அந்த இடத்தை எடுத்தேன். பிறகு ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும். அவன் பக்கத்தையே பார்க்கிறான். தெரிந்துகொண்டான். மனதில் இருக்கிறது இதில் இல்லை என்று தெரிந்துகொண்டான். எனக்குத் தெரியும் அந்த வசனம், முதல் சொல் என் நாக்கின் நுனியில் இருக்கிறது, நாலாவது பெஞ்சிலிருந்து வாயை அசைத்தாலே அவன் பிடித்துக்கொள்ளுவான், அத்தனை வருஷப் பழக்கம். அவன் நிமிர்ந்தான். என்னைத்தான் தேடினான். என் உதடு திறந்துவிட்டது. உ-ழை-க்-கு-ம். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். இருபது வருஷத்தில் அவன் பார்க்கும்போது நான் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆரம்பித்தான். ஒவ்வொரு சத்தமாக வருகிறது, கல்லைப் புரட்டுகிற மாதிரி. முதல் சொல் இரண்டு துண்டு, அடுத்தது மூன்று துண்டு, பிறகு துண்டுகளைச் சேர்த்து முழுச் சொல்லாக ஒரு தடவை. சபைக்கு முதலில் விளங்கவில்லை. மைக்கில் கோளாறு என்று யாரோ பின்னால் சொன்னார்கள். வாலிபர் பக்கத்தில் ஒரு சிரிப்பு வந்து இருமலாக மாறியது. முதல் வசனம் முடிய எத்தனை நேரம் ஆயிற்றோ. இரண்டாவது. மூன்றாவதில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னான், நின்றான், திரும்பப் போய்ச் சரியாகச் சொன்னான். எனக்கு அது கேட்டது. தப்பு என்று அவனுக்குத் தெரிகிறதே. மனப்பாடத்தில் தப்பினால் அடுத்தது வராமல் முழிப்பான், இது அப்படி இல்லை, எழுத்தைப் பார்த்துத் திருத்துகிறான். நாலாவதில் 'கட்டளையிட்டிருந்தபடியினாலே' என்று ஒரு சொல் இருக்கிறது, பழைய நடைக்காரர்கள் மூச்சுவிடாமல் சேர்த்து வைத்த சொல். நின்றுவிட்டான். ஐயர் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு எட்டு வைத்தார். ஆசீர் அவரைப் பார்க்காமலே இடது கையை லேசாகத் தூக்கினான், வேண்டாம் என்று. ஐயர் நின்ற இடத்திலேயே நின்றார். அவன் கட்டை விரலைச் சொல்லின்மேல் வைத்து மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரலை நகர்த்தித் திறந்தான், கட்டளை, கட்டளையிட்டு, இருந்த, படியினாலே. இது எப்சிபா சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். கட்டிமுடித்து முழுதாக ஒரு தடவை சொன்னான். பின்னால் இருமல் நின்றிருந்தது.

ஏழாம் வசனத்தில் கிருபாகனி அம்மாள் என் பக்கம் சாய்ந்தாள். ஆண்கள் பக்கம் அவள் வீட்டுக்காரர் இவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். அவள் கேட்டது கெட்ட விதமாக இல்லை, மனது இளகிப்போய், எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரிக் கேட்டாள். "தம்பிக்குக் கண்ணு தெரியலையோ? கண்ணாடி போடச் சொல்லலாமே." ஆமா என்று சொன்னால் போதும். போன வாரம்தான் டாக்டரைப் பார்த்தோம், கண்ணாடிக்குக் கொடுத்திருக்கு. எத்தனை சுத்தமான பதில், அவளே பாதி சொல்லிவிட்டாள். ஆண்டவரே என்று கூடச் சொல்ல நேரம் இல்லை.

"இல்லம்மா," என்றேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. இப்பதான் எட்டு மாசமாப் படிக்கான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களா, நேரே பஸ்ஸுக்குப் போய்விடுவார்களா, அதுவும் தெரியவில்லை. அவன் எட்டாம் வசனத்துக்கு வந்திருந்தான். என் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தேன். அவன் ஒரு சத்தம் சொன்ன பிறகு ஒரு எழுத்து நகர்த்தினேன், அவன் நின்றால் நானும் நின்றேன், முன்னால் போகாமல். இன்னும் நாலு வசனம் இருந்தது.